மாலை முழுவதும் பணிமனை, மதிப்பெண்ணோ சரிவு: ஒரு தந்தைக்குப் பதில்

மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மாலை முழுவதும் ரோபோ குழுவோடு பணிமனையிலேயே இருக்கிறாள், கணிதத் தாளில் மதிப்பெண் சரிந்துவிட்டது, குழுவிலிருந்து விலகச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம். அதற்காக, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். பணிமனையில் நேரம் கழிப்பவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டிருப்பதில்லை.

சிலர் பெட்டியில் வந்த பாகங்களைக் குறிப்பில் உள்ளபடி பூட்டி, யாரோ எழுதிய நிரலை ஏற்றி, வண்டி ஓடியதும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் விரல்களுக்கு வேலை இருக்கிறது. மூளைக்கு அதிகம் இல்லை. வண்டி பாதியில் நின்றுவிட்டால்தான் பாடம் ஆரம்பம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரோபோ நான்கைந்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து இயக்கினால் மறுபடியும் ஓடுகிறது. மாணவர்கள் முதலில் சந்தேகப்படுவது நிரலைத்தான். மாற்றி மாற்றி எழுதுவார்கள், பலன் இருக்காது. குழுவில் ஒருத்தி மல்டிமீட்டரை எடுத்து மின்னழுத்தத்தை அளக்கிறாள். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில், ரோபோ நிற்கும் நேரத்தில் அது விழுந்துவிடுகிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்துத் தருவது 7805 என்ற சிறு மின்னழுத்தச் சீராக்கி. மிச்சமுள்ள 7 வோல்ட்டை அது வெப்பமாகத்தான் கழித்தாக வேண்டும். சுற்று அரை ஆம்பியர் இழுத்தால் 7 பெருக்கல் 0.5, அதாவது 3.5 வாட். வெப்பத்தகடு, அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு, பொருத்தாத அந்தச் சின்னப் பாகத்துக்கு இது தாங்காது. எரிந்துபோகாமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானால் தன்னை நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மறுபடி வேலை செய்யும். ரோபோ நின்று நின்று ஓடியதன் காரணம் அதுதான். இனி வெப்பத்தகடு போடுவதா, மின்சாரத்தை இவ்வளவு வீணாக்காத வேறு வகைச் சீராக்கிக்கு மாறுவதா என்று அவர்கள் வாதாடுவார்கள். அந்த வாதம்தான் பொறியியல்.

சரி, அந்தப் பாகம் எத்தனை நிமிடத்தில் அந்த வெப்பநிலையைத் தொடும்? இதைக் கேட்டுவிட்டால் நேராக முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டில், அதாவது ஒன்று எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதைச் சொல்லும் சமன்பாட்டில், போய் நிற்பாள். அவளுக்கு மதிப்பெண் குறைந்த தாளில் அது இல்லாமல் இருக்காது. ஆகவே, பணிமனைக்காகக் கணிதத்தை விட்டுவிட்டதாக அவள் சொன்னால் பணிமனையிலும் அரைகுறையாகத்தான் இருக்கிறாள் என்று பொருள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பிள்ளைகள் சொல்லும்போது நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அது தேர்வுக்குப் படிக்காததற்கான சமாதானம்.

பணிமனையா, ஏட்டுப் படிப்பா என்ற இந்த இழுபறி ஒன்றும் புதிதல்ல. மாஸ்கோவின் தொழில்நுட்பப் பள்ளியில் வகுத்த பணிமனைப் பயிற்சி முறை 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) அன்றைய தலைவர் ஜான் ரங்கிள் அதைப் பார்த்துவிட்டுத் தன் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. பொறியியல் கல்வி பற்றி அமெரிக்காவில் 1955-இல் வந்த கிரின்டர் அறிக்கை அடிப்படை அறிவியலையும் கணிதத்தையும் முன்னே தள்ளியது. பாடத்திட்டங்களில் பணிமனை சுருங்கியது. மாறாக, டென்மார்க்கில் 1974-இல் தொடங்கிய ஆல்போர்க் பல்கலைக்கழகம், குழுவாகச் சிக்கல்களைத் தீர்ப்பதையே படிப்பின் முதுகெலும்பாக வைத்தது. ஆக, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மகளை நெருக்காதீர்கள். பல்கலைக்கழகங்களே அதை இன்னும் முடிவுசெய்தபாடில்லை.

மதிப்பெண் பயத்துக்கு ஒரு தகவல். விரிவுரையை மட்டும் கேட்கும் வகுப்புகளையும், மாணவர்களை வகுப்பிலேயே ஏதாவது செய்யவைக்கும் வகுப்புகளையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அறிவியல், பொறியியல், கணிதம் படிக்கும் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. தோல்வி விகிதம் முதல் வகையில் சுமார் 34 சதவீதம், இரண்டாம் வகையில் சுமார் 22. இது பணிமனையை மட்டும் குறிப்பதல்ல; கலந்துபேசுவது, வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். செய்து படிப்பதால் தேர்வு கெடும் என்ற அச்சத்துக்கு மட்டும் இடமில்லை.

அவளுடைய கல்லூரிச் செய்முறை வகுப்பையும் விசாரியுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர்? ஆறு பேர் என்றால் ஒருவர் செய்கிறார், ஒருவர் எழுதிக்கொள்கிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். விடை முன்கூட்டியே கையேட்டில் இருக்கிறதா? அளவு பொருந்தாவிட்டால் ரெக்கார்டு நோட்டில் திருத்தி எழுதச் சொல்கிறார்களா, காரணம் கேட்கிறார்களா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். திருத்தி எழுதப் பழகியவர்கள் வேலைக்குப் போன பிறகும் அதையே செய்வார்கள். இயந்திரவியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை லேத் என்ற கடைசல் இயந்திரம் இரக்கமில்லாமல் நடத்திவிடுகிறது: சரியாக 20 மில்லிமீட்டர் துளைக்குள் சரியாக 20 மில்லிமீட்டர் தண்டு வழுக்கிப் போகாது. மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி விட்டாக வேண்டும் என்று வரைபடத்தில் படிக்கலாம். தண்டு சிக்கிக்கொண்ட பிறகு மறக்காது.

வேலைவாய்ப்புக்கு வருவோம். நேர்காணலில் புராஜெக்டின் பெயரைக் கேட்டுவிட்டு விடமாட்டார்கள். இந்தப் பாகத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய், எங்கே சிக்கல் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று துருவுவார்கள். விலைக்கு வாங்கிய புராஜெக்ட் அந்த இடத்தில் ஊமையாகிவிடும். எனவே மகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள்: எது பழுதானது, என்ன நினைத்தோம், என்ன அளந்தோம், உண்மையில் எதனால். வீட்டில் நீங்கள் பேச்சுக் கொடுக்கவும் அந்த நோட்டு உதவும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள் குழுவிடம் விடுப்புக் கேட்கச் சொல்வது. நல்ல குழு கொடுக்கும். மற்ற வாரங்களில் இரண்டு மாலைகள் கணிதத்துக்கு. அந்தத் தாளில் நிலுவை விழுந்தால் அதன்மேல் கட்டப்பட்ட அடுத்த பருவப் பாடங்களும் ஆட்டம் காணும் என்பதால் இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

விலை உயர்ந்த ரோபோ தொகுப்பு வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது தேவையில்லை. அவளுக்கென்று ஒரு தரமான மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்துப் பேட்டரியின் இரு முனையிலும் நேராகத் தொட்டு ஃபியூஸைப் போக்காதவர்கள் இந்தத் துறையில் குறைவு. உதிரி ஃபியூஸ் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.