டெக்சாஸில் வீட்டு வரி மேல்முறையீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டாலஸ் அருகே ஃப்ரிஸ்கோவில் சொந்த வீட்டில் வசிக்கிறோம், ஹோம்ஸ்டெட் விலக்கும் (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) பெற்றிருக்கிறோம். ஏப்ரலில் வந்த மதிப்பீட்டு அறிவிப்பில் சந்தை மதிப்பு 640,000 டாலர் என்றும், அதற்குக் கீழே அப்ரைஸ்டு வேல்யூ 583,000 டாலர் என்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு இந்த இரண்டாவது தொகை 530,000 ஆக இருந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த மதிப்பை எதிர்த்து ப்ரொடெஸ்ட் செய்கிறார்கள். நாங்களும் செய்யலாமா? செய்தால் எந்தத் தொகையை எதிர்த்துச் செய்ய வேண்டும்?

பதில்: செய்யலாம், கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு குறைந்தால் உங்களுக்கு உண்மையிலேயே பணம் மிஞ்சும் என்பதை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலக்குத் தொகைகளைக் கழித்துவிட்டு வரி கணக்கிடப்படுவது 583,000 டாலரின் மீதுதான். ஹோம்ஸ்டெட் விலக்குப் பெற்ற வீட்டின் இந்த மதிப்பு, புதிதாகக் கட்டிச் சேர்த்தவை நீங்கலாக, ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று மாநிலச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. 530,000 டாலருடன் அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள், 583,000 வந்துவிடும். ஆகவே இந்த மனுக்களை விசாரிக்கும் மறுஆய்வு வாரியம் உங்கள் சந்தை மதிப்பை 610,000 ஆகக் குறைத்து ஆணையிட்டாலும் இந்த ஆண்டு வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. அடுத்த ஆண்டுக்கான வரம்பும் அதே 583,000-ஐ அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படும். முப்பதாயிரம் குறைத்துவிட்டேன் என்று விருந்துகளில் சொல்லப்படும் வெற்றிகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை. சந்தை மதிப்பு 583,000-க்குக் கீழே இறங்கினால்தான் பயன். 560,000 வரை இறங்கியது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 23,000. நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம் அனைத்தும் சேர்ந்து நூறு டாலருக்கு 2 டாலர் வரி என்றால் மிச்சம் 460 டாலர்.

அந்த இலக்கை எட்ட வாய்ப்பு இருக்கிறதா என்பதை ஆதாரங்கள்தான் சொல்லும். மனுவை மே 15-க்குள், அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் உங்கள் கவுண்டியில் வீடுகளை மதிப்பிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தில் சந்தை மதிப்பு தவறு என்பதையும், மற்ற வீடுகளோடு ஒப்பிடுகையில் மதிப்பீடு சமமாக இல்லை என்பதையும் காரணங்களாகக் குறிக்க இடம் இருக்கும். இரண்டையும் குறியிடுங்கள். முதலாவதை மட்டும் குறித்துவிட்டு, விசாரணை அறையில் பக்கத்து வீட்டின் மதிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அது உங்கள் மனுவில் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

என் கருத்தில், இந்த இரண்டில் சாதாரணக் குடும்பத்துக்கு எளிதாகக் கைகொடுப்பது இரண்டாவது வாதமே. டெக்சாஸில் வீட்டின் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், விற்பனை விவரங்களைத் திரட்ட ஒரு ரியல் எஸ்டேட் முகவரின் தயவு வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டு விவரங்களோ அலுவலகத்தின் இணையதளத்திலேயே யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. உங்கள் குடியிருப்பிலேயே ஏறத்தாழ அதே பரப்பும் அதே கட்டுமான ஆண்டும் கொண்ட வீடுகள் ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து, பரப்பு, நீச்சல் குளம், கார் ஷெட் போன்ற வேறுபாடுகளுக்குத் தக்கபடி ஒவ்வொன்றின் மதிப்பையும் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பைப் பாருங்கள். சட்டம் கேட்பது சராசரியை அன்று, இந்த நடு மதிப்பைத்தான். உங்களுடையது அதைவிட மேலே இருந்தால் குறைக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பிடும்போது மற்ற வீடுகளின் சந்தை மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வரம்பால் அடக்கி வைக்கப்பட்ட தொகையை எடுத்து ஒப்பிடுவது செல்லாது.

கேள்வி: எங்கள் வீட்டின் அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கிறது, ஏப்ரல் இறுதியில் பெய்த ஆலங்கட்டி மழையில் கூரையும் சேதமடைந்துவிட்டது. இரண்டையும் காட்டி மதிப்பைக் குறைக்கக் கேட்கலாமா?

பதில்: விரிசலைக் காட்டலாம், கூரையைக் காட்ட முடியாது. வீடு ஜனவரி 1 அன்று எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கே மதிப்பிடப்படுகிறது. ஏப்ரலில் நேர்ந்தது அடுத்த ஆண்டின் கணக்கு. டாலஸைச் சுற்றியுள்ள களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்குவதால் அஸ்திவாரப் பழுது இங்கே யாருக்கும் புதிய செய்தி அல்ல. வாரிய உறுப்பினர்களும் அதே மண்ணில் வீடு வைத்திருப்பவர்கள்தான். அதனாலேயே வாய்வார்த்தையாகச் சொன்னால் எடுபடாது. கதவு நிலையின் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஓடும் விரிசலின் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அஸ்திவாரம் பழுதுபார்க்கும் நிறுவனத்திடம் எத்தனை தூண்கள் இறக்க வேண்டும், என்ன செலவாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விரிசல் ஜனவரிக்கு முன்பே இருந்தது என்பதைக் காட்டும் பழைய படமோ மின்னஞ்சலோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் மங்கியது, கார்ப்பெட் பழசானது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை நேரத்தைத்தான் தின்னும்.

கேள்வி: ஹூஸ்டன் அருகே கேட்டி நகரில் சென்ற ஆண்டு வீடு வாங்கினோம். முந்தைய உரிமையாளருக்கு இருந்த மதிப்பைவிட எங்களுக்கு ஒரேயடியாக உயர்த்திவிட்டார்கள். 10 சதவீத வரம்பு எங்களுக்குக் கிடையாதா?

பதில்: இந்த ஆண்டு கிடையாது. வரம்பு வீட்டோடு அடுத்தவருக்கு வருவதில்லை, உரிமையாளர் மாறினால் முடிந்துவிடும். நீங்கள் ஹோம்ஸ்டெட் விலக்குப் பெறும் முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்தே அது தொடங்கும். ஆகவே இந்த ஆண்டு நிர்ணயிக்கப்படும் மதிப்பே வரப்போகும் ஆண்டுகளுக்கு அடித்தளம் என்பதால், மற்ற எவரையும்விட உங்களைப் போன்ற புதிய உரிமையாளர்கள்தான் அவசியம் மனுச் செய்ய வேண்டும். மதிப்பிட்ட தொகையைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் கிரயம் முடிந்த அன்று கொடுத்த கணக்குத் தாளே போதுமான சாட்சி. அதிக விலைக்கு வாங்கியிருந்தால் அதை நீங்களாகக் காட்ட வேண்டியதில்லை; ஆனால் விசாரணையில் பேசுவது சத்தியப் பிரமாணத்தின் கீழ் என்பதால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அப்போது சம மதிப்பீட்டு வாதத்தை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் செய்யுங்கள். 2025 முதல், பள்ளி வரிக்கு மட்டுமே வீட்டின் மதிப்பிலிருந்து 140,000 டாலர் கழிக்கப்படுகிறது.

கேள்வி: விசாரணை எப்படி நடக்கும்? ஆங்கிலத்தில் வாதாடிப் பழக்கமில்லாத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எதிர்த்தால் மதிப்பை இன்னும் உயர்த்திவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: கடைசிப் பயத்துக்கு இடமே இல்லை, உங்கள் மனுவின் மீது நடக்கும் விசாரணையில், அலுவலகம் பதிவேட்டில் எழுதியதற்கு மேலாக மதிப்பை வாரியம் உயர்த்த முடியாது. முதலில் அலுவலகத்தின் மதிப்பீட்டாளர் ஒருவர் தொலைபேசியிலோ நேரிலோ சமரசமாகப் பேசுவார், பல மனுக்கள் அங்கேயே முடிந்துவிடும். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கு அதுவே முடிவு என்பதால், மேலே சொன்ன கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

ஒத்துவராவிட்டால் வாரியம். அலுவலக ஊழியர்கள் அல்லாத உள்ளூர்வாசிகள், பெரும்பாலும் மூவர், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். மதிப்பீட்டாளரும் நீங்களும் இந்தப் பக்கம். பெரிய கவுண்டிகளில் எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். வரி கட்ட முடியவில்லை, வேலை போய்விட்டது, வரி விகிதம் அநியாயம் என்பவை உண்மையாகவே இருந்தாலும் வாரியத்துக்கு அவற்றின் மீது அதிகாரம் இல்லை. விகிதத்தை நிர்ணயிப்பவை நகர மன்றமும் கவுண்டியும் பள்ளி வாரியமும். எனவே முதல் வாக்கியத்திலேயே நீங்கள் கேட்கும் தொகையைச் சொல்லிவிட்டு, ஒரு பக்க அட்டவணையைக் கொடுத்து, அதை விளக்குவதோடு நிறுத்திக்கொண்டால் இலக்கணம் பற்றிய தயக்கத்துக்கு வேலையே இருக்காது. நேரில் செல்ல மனமில்லையென்றால், நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரங்களை முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: விசாரணையில் பயன்படுத்தப் போகும் ஆதாரங்களைத் தரும்படி அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன்பே இலவசமாகத் தர வேண்டும். கேட்டும் தராததை அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது. அவர்கள் தரும் தாள்களில் உங்கள் வீட்டின் பரப்பும் குளியலறை எண்ணிக்கையும் சரியா, அவர்கள் ஒப்பிட்டிருக்கும் வீடுகள் உங்கள் குடியிருப்பிலேயே உள்ளவையா என்று பாருங்கள். பொதுவாக, சந்தை மதிப்பைப் பற்றியும் சம மதிப்பீட்டைப் பற்றியும் நிரூபிக்கும் சுமை அலுவலகத்தினுடையதே.

கேள்வி: வாரியமும் மறுத்துவிட்டது. இனி என்ன வழி?

பதில்: ஆணை கைக்கு வந்த 60 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றம் செல்லலாம், ஒரு வீட்டுக்காக வழக்கறிஞருக்குச் செலவழிப்பது அநேகமாகக் கட்டாது. மாநிலத்தின் நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் வழியாக நடக்கும் நடுவர் தீர்ப்பு மலிவானது. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு 500,000 டாலர் வரை என்றால் 450 டாலரும், அதற்கு மேல் என்றால் 500 டாலரும் முன்பணம் கட்ட வேண்டும். நடுவர் சொல்லும் மதிப்பு வாரியம் சொன்னதைவிட நீங்கள் கேட்டதற்கு நெருக்கமாக இருந்தால் 50 டாலர் போக மீதி திரும்பி வரும். எந்த வழியில் போனாலும், தகராறில் இல்லாத தொகைக்கான வரியை ஜனவரி 31-க்குள் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையே போய்விடும்.