பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனால் பள்ளிக்கு நஷ்டமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இருவரும் படிப்பது அரசுப் பள்ளியில். வரும் தை மாதம் கும்பகோணத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பள்ளி நாட்கள் லீவ் போட வேண்டியிருக்கும். பள்ளி அலுவலகத்தில் சொன்னதற்கு, “இது அன்எக்ஸ்க்யூஸ்டு, வீட்டுக்குக் கடிதம் வரும், பிள்ளைகள் வராத நாளுக்கு எங்களுக்குப் பணமும் வராது” என்கிறார்கள். பிள்ளை வராவிட்டால் பள்ளிக்கு எப்படிப் பணம் போகும்? காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? நஷ்டத்தை எங்களைக் கட்டச் சொல்வார்களா? நாங்கள் படித்தபோது ஒரு லீவ் லெட்டரோடு முடிந்த விஷயம் இது.

பதில்: அலுவலகத்தில் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அவை இரண்டு வேறு வேறு கணக்குகள். ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் பெற்றோருக்கு ஒன்றாகவே கேட்கிறது. பிள்ளை எந்தக் காரணத்துக்காக வராமல் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. பிள்ளை வந்து உட்கார்ந்த நாட்கள் எத்தனை என்பது இன்னொரு கணக்கு. முதலாவதில் காரணம் பார்ப்பார்கள். இரண்டாவதில் காரணத்துக்கு இடமே இல்லை. பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலகத்தில் வருகைக் கணக்கு பார்த்த ஆண்டுகளில், உங்களைப் போல் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நின்ற பல பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பணத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம், இன்றைக்கு வகுப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாள் என்று விதிக்கிறது. ஒரு மாணவன் பத்து நாள் வராததால் பள்ளிக்கு வரும் பணம் குறைவதில்லை. கலிஃபோர்னியா அப்படியல்ல. இங்கே பள்ளி மாவட்டத்துக்கு உரிய தொகையைச் சராசரி தினசரி வருகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பெயர்ப்பட்டியலில் ஆயிரம் பேர் இருந்து, சராசரியாக 940 பேர் வந்தால், 940 பேருக்குத்தான் பணம்.

ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை இப்போது நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு அளவில் ஆண்டுக்கு 10,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். பள்ளி ஆண்டு பெரும்பாலும் 180 நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு 55 டாலருக்கு மேல். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆண்டுத் தொகையைத் தீர்மானிக்கும் முக்கியக் கணக்கெடுப்பு, ஏப்ரல் 15-க்குள் முடியும் கடைசிப் பள்ளி மாதத்தோடு நின்றுவிடுகிறது. அதுவரை ஏறக்குறைய 140 நாட்கள்தான் பள்ளி நடந்திருக்கும். எனவே ஜனவரியில் விடுபடும் ஒரு நாளின் எடை 70 டாலரைத் தொடுகிறது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 24 நாள் என்றால் சுமார் 1,700 டாலர். மே மாதக் கடைசியில் போடும் லீவ் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இதைச் சொன்னால் பெற்றோர் நம்ப மறுப்பார்கள், ஆனால் விதி அப்படித்தான். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் மாவட்டங்கள் முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் காட்டவும் அனுமதி உண்டு. ஆகவே நஷ்டம் அந்த ஆண்டே முழுதாகத் தெரியாமலும் போகலாம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? ஒரு காலத்தில் இங்கே பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்துவரியில் ஓடின. பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி. செரானோ வழக்கில் 1971-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணை சொத்துவரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு கட்டிப்போட்டது. அதன்பின் பள்ளிப் பணத்தின் சாவி மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. 2013-ல் வந்த இப்போதைய சூத்திரத்தின்படி, வகுப்பு வாரியான அடிப்படைத் தொகையை வருகையால் பெருக்குகிறார்கள். வறுமையில் உள்ள பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு அதன்மேல் கூடுதல் தொகை உண்டு. வந்த மொத்தத்தில் உள்ளூர்ச் சொத்துவரியைக் கழித்து, மீதியை மாநிலம் தருகிறது.

அந்தக் கழித்தலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சொத்துவரியே உரிய தொகையைத் தாண்டிவிடும் மாவட்டங்களும் உண்டு. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பாலோ ஆல்ட்டோ அப்படி ஒன்று. மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பிள்ளை பன்னிரண்டு நாள் வராவிட்டால் மாவட்டத்தின் வருமானம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பாலத்தைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தால் அதே லீவுக்கு விலை உண்டு. உங்கள் தோழி அங்கிருந்து “எங்க ஸ்கூல்ல ஒண்ணுமே சொல்லலையே” என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது காய்ச்சல் கேள்விக்கு வருகிறேன். 1998 வரை, நோயால் வராத பிள்ளையையும் வந்ததாகவே கணக்கிட்டுப் பணம் தந்தார்கள். அந்த ஆண்டு முதல் நேரில் வந்த நாள் மட்டும்தான் கணக்கு. உண்மையாகவே 103 டிகிரி காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் பணம் கிடையாது, கல்யாணத்துக்குப் போன பிள்ளைக்கும் கிடையாது. நீங்கள் பொய் சொன்னால் பள்ளிக்கு ஒரு டாலரும் மிச்சமாகாது. பன்னிரண்டு நாள் நோய் என்றால் மருத்துவர் கடிதம் கேட்பார்கள். எல்லாவற்றையும்விட, திரும்பி வந்து ஆசிரியையிடம் மருதாணிக் கையை நீட்டிக் கல்யாணக் கதையைச் சொல்லப் போகிறவள் உங்கள் மகள். அந்தச் சந்தோஷத்தை அவள் மறைத்து வைக்க வேண்டாம். பொய் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்க்யூஸ்டு என்பது முதல் கணக்கு. நோய், மருத்துவரிடம் போவது, நெருங்கிய உறவில் மரணம் போன்றவை சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. 2022 தொடக்கத்திலிருந்து பண்பாட்டுச் சடங்கு அல்லது நிகழ்ச்சியில் கலந்துகொள்வதும் அதில் சேர்ந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தயங்காமல் அந்தக் காரணத்தையே எழுதுங்கள். நம்மில் பலர் பொங்கல் அன்று “வயிற்று வலி” என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். தம்பியின் கல்யாண நாளுக்கும் முதல் நாள் சடங்குகளுக்கும் இதே காரணத்தைக் கேட்கலாம். மற்ற சூழ்நிலைகளையும் ஏற்கும் அதிகாரம் பள்ளி முதல்வருக்கு இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு நாளும் அதில் அடங்காது.

ஏற்கத்தக்க காரணம் இல்லாமல் ஆண்டில் மூன்று முழு நாள் வராமல் இருந்தாலே சட்டத்தின் மொழியில் அந்தப் பிள்ளை ‘ட்ரூயன்ட்’. கடிதம் அதனால்தான் வருகிறது. அதன் வாசகம் கடுமையாக இருக்கும். தெரிவிக்க வேண்டிய விஷயங்களைச் சட்டமே சொல்லியிருப்பதால் மாவட்டம் அச்சடித்து வைத்திருப்பது அது. அது பள்ளிக்கும் உங்களுக்கும் இடையிலான காகிதம், விசாவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு தூக்கம் கெட வேண்டாம். தொடர்ந்து வராமல் இருக்கும் குடும்பங்களைத்தான் வருகை மறுஆய்வுக் குழு வரை அழைப்பார்கள்.

நான் கவலைப்படச் சொல்வது வேறு ஒரு எண்ணைப் பற்றி. பள்ளி நாட்களில் பத்து சதவீதம், அதாவது 180-ல் 18 நாள், எந்தக் காரணத்தால் வராமல் போனாலும் அந்தப் பிள்ளை ‘நாள்பட்ட வருகைக் குறைவு’ பட்டியலில் சேர்ந்துவிடும். மருத்துவர் கடிதம் கொடுத்த நாளும் இதில் அடக்கம். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு, குளிர்காலத்துச் சளி காய்ச்சலுக்கு ஆறு. முடிந்தது, பதினெட்டு.

இந்தக் கணக்குகளை ஒரே அடியில் சமாளிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ‘இன்டிபென்டன்ட் ஸ்டடி’ என்று பெயர். பிள்ளை ஊரில் இருந்தபடியே பாடத்தைச் செய்ய, செய்த வேலையை வருகையாக வரவு வைப்பார்கள். லீவ் லெட்டர் போல நினைத்துவிடாதீர்கள், இது எழுத்தில் போடும் ஒப்பந்தம். என்னென்ன பாடம், எப்போது ஒப்படைக்க வேண்டும், யார் மதிப்பிடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெற்றோர், மாணவர், ஆசிரியர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பிள்ளைகள் இரண்டு பள்ளிகளில் என்றால் இரண்டு அலுவலகம், இரண்டு ஒப்பந்தம். ஆண்டு முழுவதும் சேர்த்து 15 பள்ளி நாளுக்குள் அடங்கினால் தினமும் ஆசிரியரோடு நேரலையில் பேசுவது போன்ற நிபந்தனைகள் இல்லை. உங்கள் பன்னிரண்டு நாள் சரியாக உள்ளே வருகிறது. இன்னொரு வாரம் நீட்டலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். மகனுக்கோ மகளுக்கோ சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால், இன்டிபென்டன்ட் ஸ்டடிக்கு அந்தத் திட்டத்திலேயே இடம் இருக்க வேண்டும்.

வரவு எப்படி வைப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருச்சிக்குப் பத்து நாள் போய்வந்த ஒரு பையனின் கவரை ஆசிரியை என் மேஜையில் வைத்துப் பிரித்தார். கணக்குத் தாள்களின் ஓரத்தில் மஞ்சள் கறை. வாசிப்புப் பதிவேட்டில் தினமும் இருபது நிமிடம் என்று குறித்து, பக்கத்தில் பாட்டியின் கையெழுத்து, தமிழில். ஒவ்வொரு தாளையும் எடுத்து, இது எத்தனை நேர வேலை என்று பார்த்துக்கொண்டே போனார். மூன்று நாளுக்கான எழுத்துப் பயிற்சி இல்லை. பத்தில் ஏழு நாள் என்று எழுதினார். விடுபட்ட மூன்று நாளும் வராத நாட்களாகவே நின்றன, அந்த வீட்டுக்கும் கடிதம் போனது. அந்தப் பையன் அவ்வளவு உழைத்திருந்தான். கடைசி மூன்று நாளையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வைத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் அதற்கு ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். ஒரு சித்தப்பாவோ, கல்லூரியில் படிக்கும் அத்தை மகளோ போதும்.

மாவட்டம் இதை அனுமதித்தே தீர வேண்டும் என்று இல்லை. பல மாவட்டங்கள் குறைந்தது இத்தனை நாள், இத்தனை வாரம் முன்னால் கேட்க வேண்டும் என்று சொந்த விதி வைத்திருக்கின்றன. அதனால் டிக்கெட் போட்ட கையோடு கேட்டுவிடுவது நல்லது. “பிள்ளையின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு, வந்து திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நெரிசலான பள்ளியில் அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்காது. பிள்ளை வேறு பள்ளிக்குப் போக நேரலாம்.

பணம் கட்டச் சொல்வார்களா? கட்டாயப்படுத்த முடியாது. கலிஃபோர்னியா அரசியல் சட்டம் பள்ளிக் கல்வி இலவசம் என்கிறது, 1984-ல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. “வராத நாளுக்கு நன்கொடை தந்தால் உதவியாக இருக்கும்” என்று சில பள்ளிகள் கேட்பதுண்டு. கேட்பது அவர்கள் உரிமை, தருவதும் தராததும் உங்கள் விருப்பம்.

வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இது நாடு முழுவதற்குமான சட்டம் அல்ல. 1973-ல் ராட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி நாட்டு அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்ட பிறகு எல்லாம் மாநிலங்களின் கையில்தான். டெக்சாஸும் வருகைக்கே பணம் தருகிறது, ஆனால் ஆண்டை நாளால் அளக்காமல் 75,600 நிமிடம் என்று அளக்கிறது. மிச்சிகனில் அக்டோபர் முதல் புதன்கிழமை எடுக்கும் தலைக்கணக்குதான் பெரும்பங்குப் பணத்தை முடிவு செய்கிறது. அங்கே அந்த ஒரு நாள் வராவிட்டால் பள்ளி அலுவலகமே பதறும்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வருகைக்குப் பணம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. 30 பேர் வகுப்பில் இருவர் வராததால் ஆசிரியர் சம்பளமோ மின்கட்டணமோ குறைவதில்லை. ஆஸ்துமாவும் நிலையற்ற வாடகை வீடும் இருக்கும் ஏழைப் பகுதிகளில்தான் பிள்ளைகள் அதிகம் விடுபடுகிறார்கள், பணமும் அங்கேதான் குறைகிறது. பெயர்ப்பட்டியல் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கும்படி 2022-ல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அது மாறும்வரை, இருக்கும் விதிக்குள் பள்ளிக்கு வர வேண்டியதை வரவைப்பது நம்மால் முடிகிற காரியம்.

இன்றே இரு பள்ளிகளுக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். போகும் தேதி, வரும் தேதி, காரணம் தம்பியின் கல்யாணம், இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் வேண்டும், கல்யாணச் சடங்கு நாட்களைப் பண்பாட்டு நிகழ்ச்சியாக ஏற்க முடியுமா. இவ்வளவு போதும். கிளம்புமுன் கையெழுத்துகள் முடிந்து, நகல் உங்களிடம் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது முடித்த தாள்கள் இருக்கும் கவரைப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் முதல் நாள் காலையிலேயே அது ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.