யாரைப் பார்த்துச் சிரித்தோம்? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்திரை வருசத்துக்குக் கனடாவில் இருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒருநாள் பின்னேரம் கரண்ட் போய் எல்லோரும் முற்றத்தில் இருந்தபோது, ரீவியில் வந்த சிட்கொம்களில் எது சிறந்தது என்று பேச்சுத் தொடங்கியது. மச்சான் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்றார். மூத்த மகள் ‘சைன்ஃபெல்ட்’ என்றாள். நான், வெளிநாட்டவர்கள் லண்டனில் இங்கிலீஷ் படிக்கும் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்றேன். இருவருமே என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு ரீவி, கார் பற்றரியில் ஓடியது. அந்த நாடகம் போகும் நேரம் அந்த வீட்டு விறாந்தையில் இடம் கிடைக்காது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அவ கண்ணில் தண்ணி வரச் சிரிப்பா. அதைவிட ஒரு நாடகத்துக்கு வேறென்ன பெருமை வேண்டும்? கதை, நடிப்பு, வசனம் என்று புள்ளி போட்டும் பார்த்தோம், அவரவர் நாடகம்தான் வென்றது. கடைசியில் மகள் யூடியூப்பில் ஒரு எபிசோட் பார்த்துவிட்டு, “இப்ப பார்க்க ஒரு மாதிரி இருக்கு அப்பா” என்றாள். அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் வாசகர்,
களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தம்பி,

தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்து வைக்க விரும்பவில்லை. என் கணக்கில் முதலிடம், ஒரு ஹோட்டலில் நடக்கும் பிரிட்டிஷ் நாடகமான ‘ஃபால்ட்டி டவர்ஸ்’. உங்கள் மூவரின் பட்டியலிலும் அது இல்லை. ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்ததே உங்களுடைய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ வழியாகத்தான். அதனால் அதை முதலில் பேசவேண்டும்.

1984 இல் கொழும்பில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் தமிழர், மட்டக்களப்பான் நான் ஒருவன். போன முதல் கிழமை, கடைக்குக் கூப்பிட்ட ஒருவரிடம் “நீங்க போங்க, நான் மறுகா வாறன்” என்று சொன்னேன். அறை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து என் பெயரே ‘மறுகா’ ஆகிவிட்டது. சந்தியில் கிறுகிப் போகவேண்டும் என்று சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு. ஒரு மாதத்துக்குள் ‘பிறகு’ என்றும் ‘திரும்பி’ என்றும் பேசப் பழகிவிட்டேன். ஊருக்கு லீவில் வந்து அம்மாவோடு பேசும்போதுதான் என் வாய் கட்டவிழும்.

அதே போர்டிங்கில், வீட்டுக்கார அம்மாவின் ரீவியில்தான் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ பார்த்தேன். அந்த வகுப்பில் படிக்கும் அலியும் ரஞ்சித் சிங்கும் இங்கிலீஷைப் போட்டு முறிக்கும்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அந்த அறையில் என்னைவிட மோசமாகப் பேசுகிற ஒருவன் ரீவிக்குள்ளே இருந்தது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இது எனக்கு விளங்க இருபது வருடம் பிடித்தது.

அந்த நாடகம் லண்டனில் 1977 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1979 வரை ஓடியது. 29 எபிசோட். 1986 இல் இன்னும் 13 எடுத்தார்கள். ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் நம் கம்பளையில் பிறந்தவர் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். இலங்கையில் பிறந்த ஒருவர் பஞ்சாபி வேஷம் போட்டு இங்கிலாந்தைச் சிரிக்க வைத்தார். அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். உங்கள் அம்மா ஏன் சிரித்தா என்பதும் எனக்கு விளங்குகிறது. ரியூசன் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து இங்கிலீஷுக்குப் பயந்த ஆட்கள்தானே நாமெல்லாம்? அந்த வகுப்பறை நம்முடையதாகத் தெரிந்தது. அங்கே பிழை விட்டவர்கள் அடுத்த கிழமையும் அதே சிரித்த முகத்தோடு வந்து இருந்தார்கள். அது நமக்குத் தைரியம் தந்தது. அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதை யாரும் உங்களிடம் இருந்து எடுக்கமுடியாது.

ஆனால் திரும்பப் பாருங்கள். சீனப்பெண்ணின் கையில் எப்போதும் மாவோவின் சிவப்புப் புத்தகம். ஜப்பான்காரர் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ஓ’ போடுவார். ஜமீலா பின்னல் பின்னுவா. ரஞ்சித் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்பார். மூன்று எபிசோட் பார்த்தால் இருபத்தொன்பதும் பார்த்த மாதிரி. ஒருவருக்கும் பிறந்த நாட்டைத் தவிர வேறு குணம் இல்லை. வகுப்பெடுக்கும் பிரௌன் பேசும் இங்கிலீஷ் மட்டும் ஒருநாளும் பகிடிக்கு உள்ளாவதில்லை. உங்கள் மகள் ‘ஒரு மாதிரி’ என்று சொன்னது இதைத்தான். அவள் உங்கள் அம்மாவின் சிரிப்பைக் குறை சொல்லவில்லை தம்பி.

பேச்சு வழக்கை வைத்துச் சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டு வளர்ந்தவன் நான். மரிக்காராக எஸ். ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். 1976 இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. நாலு பேரும் நாலு விதமாகத் தமிழ் பேசினார்கள். முஸ்லிம் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் பேச்சு. யாருடைய தமிழும் அங்கே சரியான தமிழாக நிற்கவில்லை. பாடம் எடுக்க ஒரு பிரௌன் இல்லை. அதனால் சிரிப்பு ஒருவர் மேலேயே குந்தியிருக்காமல் நாலு பேருக்கும் மாறி மாறிப் போனது. (அந்த நால்வரில் நம் மட்டக்களப்புத் தமிழ் இல்லை. சின்ன வயதில் அது எனக்குப் பெரிய கவலை. ரேடியோவில் யாராவது ஒருமுறை ‘மறுகா’ என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன்.)

சரி, மற்ற நாடகங்கள். மச்சானுடைய ‘ஃபிரெண்ட்ஸ்’ பத்து வருடம், 236 எபிசோட் ஓடியது. அந்த ஆறு பேரோடு இருப்பது இதமாக இருக்கும். புதுநாட்டில் தனியாகப் போய் இறங்கிய ஒருவருக்கு அந்த இதம் பெரிய விஷயம், மச்சானோடு சண்டை பிடிக்காதீர்கள். ‘சைன்ஃபெல்ட்’டின் கதைப்பின்னல் கெட்டித்தனமானது. ஆனால் அந்த நாலு பேர் மேலும் எனக்கு ஒரு பாசமும் வரவில்லை. ‘ஐ லவ் லூசி’ இல்லாமல் இவை எதுவுமே இல்லை. 1951 இல் பார்வையாளரை முன்னால் இருத்தி, மூன்று கமராவில் ஒரே நேரத்தில் படச்சுருளில் எடுத்த முறைதான் பின்னால் எல்லோருக்கும் வழியானது. சொக்கலேட் தொழிற்சாலையில் பெல்ட் வேகமாக ஓட ஓட லூசி சொக்கலேட்டுகளை வாய்க்குள் அடைக்கும் காட்சி 1952 இல் வந்தது. என் பேரன் போனமாதம் அதைப் பார்த்துக் கதிரையில் இருந்து சரிந்து சிரித்தான்.

‘யெஸ் மினிஸ்டர்’ எனக்கு மிகவும் விருப்பமானது. 1981 இல் வந்த ஒரு எபிசோடில் புத்தம்புது ஆஸ்பத்திரி ஒன்று இருக்கும். நிர்வாக, உதவி ஊழியர்கள் ஐந்நூறு பேர், ஒரு நோயாளிகூட இல்லை. அமைச்சரின் செயலாளர் சேர் ஹம்ஃப்ரி அதில் ஒரு பிழையும் காணமாட்டார். கச்சேரியில் முப்பது வருடம் கோப்புத் தூக்கிய எனக்கு அதில் ஒவ்வொரு முகத்தையும் தெரியும். ஆனால் அதன் உயிர் முழுவதும் சொல்லில்தான் இருக்கிறது. ஹம்ஃப்ரியின் நீண்ட வசனம் விளங்காவிட்டால், மூன்று பேர் கோட்டுப் போட்டு மேசையைச் சுற்றி இருப்பது மட்டும்தான் தெரியும். உங்கள் அம்மா எழும்பிப் போய்விடுவா.

‘மேஷ்’ என் இரண்டாமிடம். மூன்று வருடம் நடந்த கொரிய யுத்தத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றி 1972 முதல் 1983 வரை பதினொரு வருடம் ஓடிய நாடகம். கடைசி எபிசோடை அமெரிக்காவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நான் அதை நேசிக்கக் காரணம் வேறு. பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் பிடிவாதமாக நின்றது. எடுத்தவர்களோ சத்திரசிகிச்சை அறைக்குள் மட்டும் அந்தச் சிரிப்பு வரக்கூடாது என்று கேட்டு வாங்கினார்கள். அந்தக் கூடாரத்துக்குள் டொக்டர்மார் பகிடி விடுவார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள், கத்தியும் கிண்ணமும் படும் சத்தம் மட்டும் கேட்கும். தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரி விறாந்தையில் ராத்திரி படுத்துக் கிடந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. என் தம்பிக்குக் காயம் கட்டிய டொக்டர் அன்று சொன்ன ஒரு பகிடி இன்னும் நினைவில் இருக்கிறது. நானும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. ஆனால் கை நடுக்கம் நின்றது. இவ்வளவுக்கும் பிறகு ஏன் இரண்டாமிடம் என்றால், பிந்திய வருடங்களில் ‘மேஷ்’ அடிக்கடி பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டது. பதினொரு வருடம் நீளம் அதிகம்.

‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே பன்னிரண்டு எபிசோட். 1975 இல் ஆறு, 1979 இல் ஆறு. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும். எழுதத் தொடங்கியபோது கணவன் மனைவி, இரண்டாவது ஆறும் வெளிவருவதற்குள் பிரிந்துவிட்டார்கள். கிளீஸ் 1970 இல் டோர்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கினார். அதன் முதலாளி விருந்தினர்களைத் தொந்தரவாக நினைக்கிற மனிதர். அவரைப் பார்த்து உருவானவன்தான் நாடகத்தில் வரும் ஹோட்டல் முதலாளி பாசில். இந்த நாடகம் 2000 இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் நூறு நிகழ்ச்சிப் பட்டியலில் முதலாவதாக வந்தது. 2004 இல் பி.பி.சி. பார்வையாளர்களிடம் வாக்கெடுத்தபோது ஐந்தாவது. ஆகவே உங்கள் வீட்டுப் புள்ளிச் சண்டை பெரிய இடங்களிலும் தீரவில்லை.

இந்த நாடகத்திலும் இங்கிலீஷ் தெரியாத ஒருவன் இருக்கிறான். ஸ்பெயினில் இருந்து வந்த வெயிட்டர் மனுவேல். பாசில் அவனுக்கு அடிக்கிறான், ஏசுகிறான். அப்படியானால் இதற்கும் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ நாடகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மகள் கேட்பாள். பதில் முதல் எபிசோடிலேயே இருக்கிறது. தான் சொல்வது மனுவேலுக்கு விளங்கவில்லை என்றதும் பாசில் என்ன சொல்கிறான் தெரியுமா? தான் படித்தது செவ்வியல் ஸ்பானிஷ் என்றும், மனுவேல் பேசுவது ஏதோ விசித்திரமான வட்டார வழக்கு என்றும் சொல்கிறான். ஸ்பெயின்காரனுக்கு முன்னால்! இதைக் கேட்ட இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். வெள்ளவத்தை அறை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த முறை சிரிப்பு ‘மறுகா’ என்று சொன்னவன் மேல் விழவில்லை. திருத்த வந்தவன் மேல் விழுந்தது.

அந்த எபிசோடிலேயே ஒரு பிரபு வந்து தங்குகிறார். பெயருக்கு முன்னால் ‘லோர்ட்’ என்று கண்டதும் பாசிலுக்குக் கால் தரையில் நிற்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தை மேசையில் இருந்து எழுப்பி இடம் கொடுக்கிறான். அவர் ஒப்படைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல். கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்த கிழவரை எழுப்பிவிட்டு யாரோ பெரிய மனிதரை இருத்துகிறதை நாம் பார்த்ததில்லையா? பாசிலுக்கு வரும் எல்லாக் கேடும், தான் இருக்கும் இடத்தைவிட மேலே நிற்கவேண்டும் என்ற அந்த ஒரே ஆசையால் வருகிறது. பிறந்த நாட்டால் இல்லை.

மனுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர். நாசிகளுக்குத் தப்பி 1938 இல் சிறுபிள்ளையாக இங்கிலாந்துக்கு வந்தவர். மொழி விளங்காத நாட்டில் வந்து இறங்கிய பிள்ளையின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். மனுவேலைப் பாருங்கள், அவனுக்கு வெட்கம் இல்லை, எரிச்சல் இல்லை. வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு மட்டும் இருக்கிறது. அந்த ஹோட்டலில் அவன்தான் நல்லவன்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே தங்கியிருக்கும் கிழட்டு மேஜர் ஒரு எபிசோடில் நிறம் பற்றிப் பேசும் சொற்கள் கேட்கக் கூசும். 2020 இல் ஒரு இணையச் சேவை அந்த எபிசோடை எடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கையோடு திரும்பப் போட்டது. மேஜரை மூடனாகக் காட்டத்தான் அதை எழுதினோம் என்பது கிளீஸ் தந்த விளக்கம். எனக்கு அந்த விளக்கம் முழுதாகப் போதவில்லை. பிள்ளைகளோடு பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள்.

2003 இல் லண்டன் சினேகிதன் ஒருவன் கொண்டுவந்த டிவிடியில் இதை என் பெரியம்மாவோடு இருந்து பார்த்தேன். அவவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஏன் மனே இந்த மனிசன் இப்பிடிப் பதறுறான்?” என்று கேட்டா. வசனம் ஒன்றும் விளங்காமலே அவவுக்குக் கதையின் நடு நரம்பு பிடிபட்டுவிட்டது.

உங்கள் அம்மா இருக்கிறா என்றால் அவவுக்குக் கடைசி எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள், ‘பாசில் த ராட்’. சுகாதாரப் பரிசோதகர் வந்து பிழைகளை வாசிக்கிறார், தண்ணித் தாங்கிக்குள் இரண்டு செத்த புறா உட்பட. 24 மணி நேரம் தவணை. நம் ஊர்ச் சாப்பாட்டுக்கடைக்குப் பி.எச்.ஐ. வந்த மாதிரியேதான், அம்மாவுக்கு விளக்கவே தேவையில்லை. மனுவேல் ஒரு எலியை வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி என்று நம்பிக் கூட்டில் வைத்திருக்கிறான். அது தப்பி ஓடுகிறது. எலிப்பாஷாணம் தடவிய இறைச்சித் துண்டு நல்ல துண்டுகளோடு கலந்துவிடுகிறது. பரிசோதகர் அதே இறைச்சியைக் கேட்கிறார். கடைசியில் மேசையில் ஒரு பிஸ்கட் பெட்டி திறக்கப்படும். எந்த மொழியும் வேண்டாம். சப்டைட்டிலையும் நிறுத்திவிடுங்கள்.

மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். அம்மா எந்த இடத்தில் சிரித்தா, மகள் எந்த இடத்தில் சிரித்தாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பெட்டி திறக்கும் முன்பே அம்மா சிரிக்கத் தொடங்கிவிடுவா என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
கல்லடி, மட்டக்களப்பு