மடியில் தொப்பி

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னீர்களே என்று 1928இல் வந்த ‘தி ராக்கெட்’ மௌனப்படத்தைப் பார்த்தேன். முதலில் சாராய கோஷ்டிகளுக்குள் நடுரோட்டில் அடிதடி. சரி, சூடு பிடிக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், தாதா ஸ்கார்சி தன் தம்பியைப் பொத்திப் பொத்தி வைப்பதையே காட்டுகிறார்கள். இந்தப் பாசக் கதையைக் கழற்றிவிட்டிருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கழற்றினால் வண்டி ஓடாது. ஸ்கார்சி போலீஸ், நீதிமன்றம், தேர்தல் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியவன். தம்பி ஜோ ஒருவனை மட்டும் தொழிலின் அழுக்கு படாமல், பெண்வாசனையே படாமல் வைத்திருக்கிறான். ஸ்கார்சியைச் சீண்டுவதற்கென்றே பாடகி ஹெலன் அந்தப் பையனிடம் குழைகிறாள். அவன் காரில் ஒருவரை மோதிவிட்டு ஓடி, மாட்டிக்கொள்கிறான். மீட்க வந்த அண்ணன் ஸ்டேஷனிலேயே ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிடுகிறான். அதுவரை எந்தக் கொலையிலும் சிக்காத ஆள்!

நீங்கள் விட்டுவிட்ட இடம் ஒன்று உண்டு. எதிரி கோஷ்டித் தலைவனின் இறுதிச்சடங்கு. இரு தரப்பும் துக்க முகத்தோடு, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறது. தொப்பிக்கு அடியில் துப்பாக்கி. யாராவது அங்கே பேசியிருந்தால் காட்சி கெட்டிருக்கும். ஸ்கார்சியாக நடித்த உடைந்த மூக்கு லூயி வோல்ஹைமுக்கும் வசனம் தேவைப்படவில்லை.

அப்புறம் மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மது தயாரிப்பதும் விற்பதும் கடத்துவதும்தான் குற்றம், குடிப்பது குற்றமில்லை. ஆக, கடத்துகிறவன் ரௌடி, வாங்கிக் குடிக்கிறவர் கனவான். ஊரே கூடிக் காத்த ரகசியம் அது. படத்தில் அதன் உச்சியில் இருப்பவரை ‘கிழவர்’ என்று மட்டும் சொல்கிறார்கள். வாயைத் திறப்பேன் என்று ஸ்கார்சி மிரட்டியதும் அந்தப் பக்கத்து ஆட்களே அவன் கதையை முடிக்கிறார்கள். தம்பி என்ற வீட்டு ரகசியம் அவனை மாட்டிவிட்டது, ஊர் ரகசியம் கொன்றது. சிகாகோவில் படத்துக்குத் தடை விழுந்ததும் கொலைகளுக்காக அல்ல. போலீசும் நகர நிர்வாகமும் விலைபோவதைக் காட்டியதற்காக.

தயாரித்தவர் ஹோவர்ட் ஹியூஸ். தொலைந்தே போய்விட்டது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்த படத்தின் பிரதி, அவர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பில்தான் கிடைத்தது. 1951இல் அவரே இதைப் பேசும்படமாகத் திரும்பவும் எடுத்தார். இதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.