கெமிக்கல் விட்டால் றோட்டு உறுதியாகுமா?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து கிராம அபிவிருத்திச் சங்கப் பொருளாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன முறை போட்ட கொங்கிறீட் வீதி ஒரு மாரி தாண்ட முன்னமே மா மாதிரிக் கொட்டுண்டு, கல்லு தெரியுது. இந்த முறை கெமிக்கல் கலக்கச் சொல்லுகினம். ஒரு பை சீமெந்துக்கு எவ்வளவு விடவேணும்?"

அளவு கலனில் எழுதியிருக்கும், ஐயா. சீமெந்தின் எடையில் 1 சதவீதம் என்றிருந்தால் 50 கிலோ பைக்கு அரைக் கிலோ. ஆனால் அந்த அரைக் கிலோவுக்குள் உறுதி இல்லை; தண்ணீர் குறைவதில்தான் உறுதி. தண்ணீரைக் குறைத்தாலும் கலவை இளக்கமாக நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கடையில் 'சூப்பர் பிளாஸ்டிசைசர்' என்று கேளுங்கள். நல்ல வகை 20 சதவீதத்துக்கு மேலும் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். மேசன் பழையபடி குழாயைப் பிடித்தாரோ, கல்லு அடியில் இறங்கி நீர் மேலே மிதக்கும். போன முறை மாவாகக் கொட்டியதற்கும் பெரும்பாலும் அந்த மேல்நீர்தான் காரணம். ஈரம் காயச் சீமெந்துப் பொடி தூவித் தேய்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே குழாயை மூடிவிட்டு வாளியால் அளந்து விடுங்கள். பைக்கு 22 லீற்றர் போதும். மழையில் நனைந்த மணல் என்றால் அதிலேயே நாலைந்து லீற்றர் வந்துவிடும், கழித்துக்கொள்ளுங்கள். கெமிக்கலைக் காய்ந்த சீமெந்தில் ஊற்றாமல், கடைசி வாளித் தண்ணீரில் கரைத்து விட்டு, மிக்சரை இன்னும் இரண்டு நிமிடம் சுழல விடுங்கள். கூட விட்டால் இறுகப் பிந்தும், கல்லும் பிரியும்.

கெதியாக இறுகும் என்று கல்சியம் குளோரைட் தந்தால் வாங்காதீர்கள். உள்ளே கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். வெயிலில் வேலையென்றால் இறுக்கத்தைப் பிந்தவைக்கும் வகை உதவும். என்றாலும் சோளகக் காற்றடிக்கும் நாளில் மத்தியானம் கொங்கிறீட் போடவே வேண்டாம். தண்ணீர் குறைந்த கலவையின் மேற்பரப்பு கெதியாகக் காய்ந்து மயிரிழையாக வெடிக்கும். தேய்த்து முடித்த கையோடு பொலித்தீனால் மூடுங்கள். இறுகிய பிறகு சாக்கோ வைக்கோலோ பரப்பி ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். ஆறங்குலத் தடிப்பென்றால் நாலு மீற்றருக்கு ஒரு இணைப்பும் (வெடிப்பு அந்த இடத்திலேயே விழக் குறுக்கே ஒரு வெட்டு) விடவேண்டும்.

நெல் ஏற்றிய உழவு இயந்திரம் 28 நாளைக்கு ஏறக்கூடாது. சொன்னால் கேட்கமாட்டார்கள், இரு முனையிலும் பனங்குற்றியைக் குறுக்கே போட்டுவிடுங்கள்.