ஜீப்பின் பின்னால் சைக்கிள்: தாங்கி வாங்குமுன் வாகனத்தின் கீழே பாருங்கள்

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் என் மைத்துனர், தாம் அங்கே பாவித்த சைக்கிள் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாகனத்தின் பின்புறம், ட்ரெய்லர் கொழுவும் இடத்தில் செருகிப் பூட்டும் வகை அது. எங்களிடம் இருப்பது பழைய ஜீப். பின்னால் உருண்டைத் தலையுள்ள கொக்கி உண்டு. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்களையும் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவில் உள்ள அம்மம்மா வீட்டுக்குக் கொண்டு போகவேண்டும். இந்தத் தாங்கி பொருந்துமா? பொருந்தாவிட்டால் பின் பம்பரில் ஒரு குழாயை வெல்டிங் செய்து தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். அது போதுமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: இப்போது இருக்கும் நிலையில் பொருந்தாது. வட அமெரிக்காவில் விற்பனையாகும் இவ்வகைத் தாங்கிகள் வாகனத்தின் அடியில் உள்ள சதுரக் குழாய்க்குள் செருகப்படுபவை. அந்தக் குழாயின் வாய் பெரிய வாகனங்களில் 2 அங்குலமாகவும் சிறிய கார்களில் ஒன்றேகால் அங்குலமாகவும் இருக்கும். உருண்டைத் தலையைக் கவ்விப் பிடிக்கும் தாங்கிகள் வேறு வகை. அவை ஐரோப்பாவில் அதிகம் பாவிக்கப்படுகின்றன, அங்கே உருண்டையின் விட்டம் 50 மில்லிமீற்றர். ஆகவே மைத்துனர் பெட்டி கட்டுமுன் தாங்கியின் செருகு குழாயை அளந்து சொல்லும்படி கேளுங்கள். பிறகு உங்கள் ஜீப்பின் கீழே குனிந்து பாருங்கள். சில கொக்கிகளில் உருண்டை தனியான துண்டாகச் சதுரக் குழாய்க்குள் நுழைக்கப்பட்டு, குறுக்கே ஓர் ஆணியால் நிறுத்தப்பட்டிருக்கும். உங்களுடையது அப்படியாயின், உருண்டையைக் கழற்றிவிட்டு அதே குழாயில் தாங்கியைச் செருகலாம். அளவு மட்டும் ஒத்துவரவேண்டும்.

பம்பரில் குழாய் ஒட்டும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பம்பர் பாரம் சுமப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. தாங்கி ஏறக்குறைய 20 கிலோ, சைக்கிள்கள் இரண்டும் சேர்ந்து 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், 55 கிலோ எடை பம்பருக்கு அரை மீற்றர் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு குழியிலும் அந்த எடை பல மடங்கு விசையாக மாறி ஒட்டிய இடத்தை முறுக்கும். கொக்கியின் தளம் வாகனத்தின் சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கொக்கி தாங்கக்கூடிய நிலைக்குத்துப் பாரம் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பல கார்களில் அது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று குறிக்கும் பெரிய எண்ணும் அருகிலேயே இருக்கும். அதைப் பார்த்து ஏமாறவேண்டாம். உங்களுக்கு வேண்டியது சிறிய எண்.

கொக்கி சரியாக இருந்தாலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு; என் பார்வையில் பட்டிகளையும் பூட்டுகளையும் விட அதுவே முக்கியமானது. உழவு இயந்திரத்தில் பெட்டியைக் கொழுவும் ஆணி எப்போதும் சற்றுத் தளர்வாகவே இருப்பதை நம் பகுதியில் எல்லோரும் கண்டிருப்போம். பெட்டிக்குச் சொந்தச் சில்லுகள் இருப்பதால் அந்தத் தளர்வு அதற்குத் தேவை. வளைவிலும் மேட்டிலும் அது தன்பாட்டில் அசைந்து கொடுக்கும். சைக்கிள் தாங்கிக்குச் சில்லு இல்லை. தாங்கியின் செருகு குழாய்க்கும் அது நுழையும் வாகனத்தின் குழாய்க்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும், மேலே சைக்கிளின் கைபிடி உயரத்தில் அது பல சென்ரிமீற்றர் ஆட்டமாகத் தெரியும். ஆட ஆட ஆணி தேயும், துளை அகலும், போல்ட்டுகள் தளரும். ஆகவே வெறும் ஆணியோடு விட்டுவிடாமல், புரியுள்ள ஆணியையோ, இரண்டு குழாய்களையும் சேர்த்து இறுக்கும் ‘யு’ வடிவப் போல்ட்டையோ கட்டாயம் வாங்குங்கள். பூட்டிய பின் தாங்கியைக் கையால் பிடித்துப் பலமாக உலுக்கிப் பாருங்கள். ஜீப்பும் சேர்ந்து அசைந்தால் சரி, தாங்கி மட்டும் அசைந்தால் இன்னும் இறுக்கவேண்டும்.

சட்டகத்தைக் கொழுவித் தொங்கவிடும் வகையைவிட, இரண்டு சில்லுகளையும் தட்டில் நிறுத்தும் வகையே உங்களுக்கு நல்லது. மேற்குழாய் இல்லாத பெண்பிள்ளைகளின் சைக்கிளைத் தொங்கவிட இன்னொரு குறுக்குக் கம்பி வாங்க வேண்டியிருக்கும். தட்டு வகையில் முன்சில்லை அமுக்கும் கொக்கி ரயரின்மேல் உட்காரவேண்டும். நம் சைக்கிள்களில் மட்காட் இருப்பதால் அது மட்காட்டை நசுக்காமல் இடம் கிடைக்கிறதா என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள். பாரமான சைக்கிள் வாகனத்தை ஒட்டியும் மற்றது எதிர்த்திசை பார்த்து வெளியிலும் நிற்கட்டும். பழைய ரியூப்பை வெட்டிக் கட்டுவது நம் வழக்கம். ஆனால் இறப்பர் குழியில் விழும்போதெல்லாம் இழுபடும். அதைச் சட்டகங்கள் உரசாமல் இடையே சுற்றுவதற்கு வைத்துக்கொண்டு, கட்டுவதற்கு இழுபடாத நைலோன் பட்டியைப் பாவியுங்கள். சைலன்சர் வாய்க்கு நேரே எந்த ரயரும் வரக்கூடாது. ஒட்டுசுட்டானுக்கு ஒருமுறை போய் இறங்கியபோது, என் சைக்கிளின் பின் ரயர் ஒரு பக்கம் உருகியிருந்ததைக் கண்டு நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

புறப்பட்டபின் பரந்தன் சந்தியில் ஏ35 வீதிக்குத் திரும்புமுன் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். வவுனியாப் பக்கம் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பார்கள். கற்பூரம் கொளுத்திய கையோடு பட்டிகளையும் தொட்டுப் பார்க்கலாம். கிரவல் வீதிக்கு இறங்கியதும் வேகத்தைப் பாதியாக்குங்கள். பல தாங்கிகளின் கையேடுகள் கரடுமுரடான பாதையில் பாவிக்கவே கூடாது என்கின்றன. குளக்கட்டில் ஏறி இறங்கும்போது தாங்கியின் வால் நிலத்தில் இடிபடும் என்பதையும் மறக்கவேண்டாம். இலக்கத்தகடும் பிரேக் விளக்குகளும் பின்னால் வருபவருக்குத் தெரியவேண்டும். மாலையில் மாடுகள் குறுக்கிடும் வீதியில் நீங்கள் திடீரென நிறுத்துவதை அவர் அறிய வேறு வழியில்லை.

கேள்வி: பாவித்த தாங்கி ஒன்று வவுனியாவில் விலைக்கு வந்திருக்கிறது. உத்தரவாதம் உண்டு என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? (வாசகி, ஓமந்தை)

பதில்: தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உரியது, ஆகையால் கடைக்காரர் சொல்வது அவருடைய சொந்த உத்தரவாதமா என்று கேட்டு, காலத்தையும் நிபந்தனையையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. பிணக்கு வந்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பொருளைப் பார்க்கும்போது ஒட்டு விழுந்த மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். மடிக்கும் மூட்டில் துரு, புதிதாகப் பூசிய பெயின்ற், பல் தேய்ந்த பட்டிப் பூட்டு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாங்கவேண்டாம். பட்டி மட்டும் பழுதென்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம்; பட்டியை மாற்றலாம், வெடித்த இரும்பை மாற்ற முடியாது.

கேள்வி: வழியில் சாப்பிட இறங்கும்போது சைக்கிள்கள் களவு போகாமல் எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், மாங்குளம்)

பதில்: சாதாரண ஆணியைக் கிளிப்பைக் கழற்றி எவரும் கையால் உருவிவிடலாம், தாங்கியோடு சைக்கிள்களும் போய்விடும். எனவே முதலில் பூட்டுள்ள ஆணிக்குக் காசைச் செலவழியுங்கள். அடுத்ததாக ஒரு சங்கிலியை இரண்டு சட்டகங்களுக்குள்ளும் விட்டு, வாகனத்தின் கொக்கித் தளத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். மெல்லிய கேபிளை வெட்ட அதிக நேரம் எடுக்காது. சாப்பாட்டுக் கடையில் ஜீப்பின் பின்புறம் உங்கள் மேசைக்குத் தெரியும்படி நிறுத்துங்கள். இரவில் தங்குவதானால் சைக்கிள்களை இறக்கி வீட்டுக்குள் வையுங்கள்.