எல்லைக் காவலுக்கு ஆள் சேர்த்தவர்கள்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

சென்ற இதழில் டெக்சஸ் புரட்சி பற்றி ஒரு மாணவருக்கு எழுதிய பதிலில், எல்லைக் காவலுக்கென்று ரேஞ்சர் எனப்படும் குதிரைக் காவலர் கம்பெனிகளைத் திரட்டினார்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கடிதங்களே அவற்றில் பாதி. காவல், வேலி, துப்பாக்கி என்றால் இந்தத் தோட்டப் பட்டணத்தில் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆகவே பக்கம் முழுவதும் இந்தக் கடிதங்களுக்கே.

செம்பனைத் தோட்டத்தில் ஜாகா (காவல்) வேலை பார்க்கிறேன், ஐயா. போர் நடக்கும்போது இருக்கிற ஆட்களையெல்லாம் போர்முனைக்கு அனுப்பாமல், காவலுக்கென்று ஏன் தனியாகப் பிரித்தார்கள்?
வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, இரவில் விழித்திருந்து பழகியவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். வரலாற்று வகுப்பில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

1835இல் டெக்சஸ் மெக்சிகோ நாட்டின் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும், 1824ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தை ஒதுக்கிவிட்டு அதிகாரத்தைத் தலைநகரில் குவித்த சாண்டா அன்னாவின் ஆட்சிக்கும் பகை முற்றியது. அக்டோபர் 2ஆம் தேதி கொன்சாலஸ் ஊரில், ஒரு பீரங்கியைத் திருப்பித் தர மறுத்த தகராறில் சண்டை மூண்டது. சில நாட்களில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக சான் அந்தோனியோவை முற்றுகையிடக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பியவர்களின் மனைவி மக்கள் எங்கே? ஆற்றங்கரைகளில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இல்லாத மரவீடுகளில். வடக்கிலும் மேற்கிலும் கொமான்சி, வேக்கோ, தவாகோனி என்ற பூர்வகுடி மக்களின் பூமி. குடியேறிகள் அந்தப் பூமிக்குள் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டிருந்ததால் இரு தரப்பிலும் கொலைகள் விழுந்துகொண்டிருந்தன. இந்த நிலையில் வீட்டை விட்டுப் போன குடும்பஸ்தன் எத்தனை நாள் முற்றுகையில் உட்கார்ந்திருப்பான்? இரண்டாம் வாரமே வீட்டு நினைவு வந்து குதிரையைத் திருப்பிவிடுவான். எல்லையில் காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் முன்னணியில் படை கலையாமல் நிற்கும். கிளர்ச்சியை நடத்திய குடியேறிகளின் மன்றத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

அக்டோபர் 17ஆம் தேதி சான் ஃபெலிபே ஊரில் கூடியிருந்த நிரந்தர மன்றத்தில் டேனியல் பார்க்கர் என்பவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் ஒரு மதபோதகர். மொத்தம் 60 பேர். பிராசோஸ் ஆற்றுக்கும் டிரினிட்டி ஆற்றுக்கும் நடுவே 25 பேர், பிராசோஸ் ஆற்றுக்கும் கொலராடோ ஆற்றுக்கும் நடுவே 25 பேர், டிரினிட்டிக்குக் கிழக்கே 10 பேர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேற்பார்வையாளர். முதல் கூட்டத்துக்குப் பொறுப்பு, டேனியலின் தம்பி சைலஸ் பார்க்கர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கேள்வியில் மறுபடியும் வருகிறார்.

ஆற்றுக்கு ஆறு பகுதி பிரித்ததில் நல்ல புத்தி இருந்தது. மழைக்காலத்தில் அந்த ஆறுகள் பெருகினால் குதிரைக்காரன் நாள்கணக்கில் இக்கரையில் நிற்க வேண்டியதுதான். தன் இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள பாதை, நீர்நிலை, கால்தடம் எல்லாம் அத்துப்படியாக உள்ள கூட்டம் ஒன்று வேண்டும். வெளியூர்ப் படைக்கு இது வராது.

நவம்பர் 24ஆம் தேதி, புதிய தற்காலிக அரசின் பொது மன்றம் இதைப் பெரிதாக்கியது. மூன்று கம்பெனிகள், கம்பெனிக்கு 56 பேர், ஆக 168 பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்ட்; மூன்றுக்கும் மேலே ஒரு மேஜர். ஓராண்டுப் பணி. இதற்கெல்லாம் முன்பே, 1823இல், ஸ்டீபன் ஆஸ்டின் தம் குடியேற்றத்துக்குப் பத்துப் பேரைக் காவலுக்கு வைக்கத் திட்டமிட்டிருந்தார். ஆனாலும் சட்டம் போட்டு, சம்பளம் குறித்து, பதவி வகுத்து நடந்தது 1835இல்தான்.

என் தகப்பனார் அவசரகாலத்தில் தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள். துப்பாக்கியும் காக்கி உடையும் அரசாங்கம் கொடுத்தது. டெக்சஸ்காரர்களுக்கு யார் கொடுத்தார்கள்?
ஓய்வுபெற்ற தாதி, கோலகங்சார்

யாரும் கொடுக்கவில்லை, அம்மா. நல்ல குதிரை, சேணம், கடிவாளம், போர்வை, நூறு முறை சுடுவதற்கான வெடிமருந்தும் குண்டும்: எல்லாம் ஆளே கொண்டுவர வேண்டும் என்று சட்டம் சொன்னது. சம்பளம் நாளுக்கு 1.25 டாலர். சாப்பாடு, துணி, குதிரைக்கான செலவு எல்லாம் அந்த ஒன்றேகால் டாலருக்குள் அடங்கும். சீருடை கிடையாது, சின்னம் கிடையாது. படங்களில் மார்பில் மின்னும் நட்சத்திரம் அந்தக் காலத்தில் இல்லவே இல்லை.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். குதிரை இல்லாத ஏழைக்கு இந்தக் காவலில் இடமில்லை. குதிரை உள்ளவனுக்கோ, அது செத்தால் நட்டம் அவன் தலையில். ஒன்றேகால் டாலரும் கையில் வந்ததா என்றால், அதைக் கொடுக்க வேண்டிய அரசின் கஜானாவே காலி. 1836 ஜனவரியில் ஆளுநர் ஹென்றி ஸ்மித்தும் மன்றமும் ஒருவரையொருவர் பதவி நீக்கும் அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். எல்லையில் பனியில் கிடந்தவனுக்குச் சம்பளம் அனுப்ப யார் இருந்தார்கள்? டெக்சஸ் அரசிடம் தாராளமாக இருந்தது நிலம் ஒன்றுதான். போரில் நின்றவர்களுக்கு நிலத்தையே கொடுத்தார்கள். அது யாருடைய நிலம் என்பதைக் கடைசிக் கேள்வியில் பேசுகிறேன்.

உங்கள் தகப்பனாரைப் பற்றி எழுதியதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் பிறந்த தோட்டத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் மரம் வெட்டுக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பது உத்தரவு. என் அம்மா பால்வாளியைக் கவிழ்த்துக் காட்டுவார், தலைத்துண்டை அவிழ்த்து உதறுவார். வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போய், வேலை முடிந்து வந்துதான் சாப்பாடு. சோதித்தவர்களில் எங்கள் லயத்துக்காரர் ஒருவரும் இருந்தார். அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். வாளிக்குள் பார்க்கும்போது மட்டும் எதுவும் பேச மாட்டார். சொந்த சனத்தின் நடுவிலேயே நின்று காவல் காப்பது எவ்வளவு கடினம் என்பது உங்கள் தகப்பனாருக்குத் தெரிந்திருக்கும். அவரைப் போன்றவர்களின் அனுபவத்தை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நீங்கள் எழுதுங்கள்.

மேஜர் யார், ஐயா? போரில் பெயர் வாங்கினாரா?
படிவம் ஐந்து மாணவர், பீடோர்

ராபர்ட் மெக்கால்பின் வில்லியம்சன். நவம்பர் 28ஆம் தேதி மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. பதினைந்து வயதில் நோய் வந்து வலது கால் முழங்காலோடு மடங்கி விறைத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மரக்கால் கட்டிக்கொண்டார். மடங்கிய கால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ‘மூன்று கால் வில்லி’ என்று ஊர் முழுக்க அழைத்தது. வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர், பிற்காலத்தில் நீதிபதி. டெக்சஸ் படைக்கு வெற்றி தந்த சான் ஜசிண்டோ போரில் குதிரையேறிப் போரிட்டார். அவருக்குக் கீழே கேப்டன்களாக இருந்தவர்கள் ஐசக் பர்ட்டன், வில்லியம் ஆரிங்டன், ஜான் டம்லின்சன்.

அந்தக் கம்பெனிகள் உண்மையிலேயே ஏதாவது செய்தனவா, அல்லது காகிதத்தோடு சரியா?
தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாப்பா

காகிதத்தில் இருந்த அளவுக்கு ஆள் இல்லை, உபகரணமும் இல்லை. ஆனால் நின்றவர்கள் நின்றார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1836 ஜனவரி. டம்லின்சனின் கம்பெனி கொலராடோ ஆற்றங்கரையில், இன்றைய ஆஸ்டின் நகரத்துக்குச் சற்றுக் கீழே, ஹார்ன்ஸ்பி என்பவரின் குடியிருப்பில் தங்கியிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தமாகும் நேரம். உடை கிழிந்து, உடம்பெல்லாம் முள் கீறி ரத்தம் வழிய, ஒரு பெண் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சாரா ஹிப்பின்ஸ். கொமான்சிகள் அவள் கணவனையும் சகோதரனையும் கொன்று, கைக்குழந்தையையும் கொன்றிருந்தார்கள். மூத்த பையன் அவர்கள் பிடியில். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இருவரும் சாக வேண்டும் என்று, தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டு இரவோடு இரவாக ஆற்றோரம் தப்பி வந்திருக்கிறாள். அந்தத் தாய் எடுத்த முடிவை எண்ணிப் பாருங்கள். கம்பெனி அன்றிரவே புறப்பட்டு, மறுநாள் காலை வால்நட் ஓடையருகே அவர்களை எதிர்கொண்டு, பையனை உயிரோடு மீட்டது. அந்தக் கம்பெனியில் இருந்த நோவா ஸ்மித்விக் பல ஆண்டுகளுக்குப் பிறகு இதையெல்லாம் நினைவுகூர்ந்து சொன்னதால்தான் இவ்வளவு விவரம் நமக்குக் கிடைத்தது.

பிறகு அதே கம்பெனி பிரஷி ஓடையருகே ஒரு காவல்வீடு கட்டியது. சாண்டா அன்னாவின் படை வருகிறது என்றதும் அதை விட்டுவிட்டுப் பின்வாங்க உத்தரவு வந்தது. கிழக்கே ஓடிய குடும்பங்களுக்குப் பின்காவலாகப் போனார்கள்.

கொன்சாலஸ் ஊரின் ரேஞ்சர்களையும் மறக்கக் கூடாது. சான் அந்தோனியோவில் சாண்டா அன்னாவின் படை முற்றுகையிட்ட அலமோ கோட்டைக்குள் சிக்கிக்கொண்டவர்கள் உதவி கேட்டு எழுதிய கடிதத்துக்குச் செவிசாய்த்து, 32 பேர் மார்ச் 1ஆம் தேதி விடியற்காலை இருட்டில் முற்றுகையைத் தாண்டி உள்ளே போனார்கள். மார்ச் 6ஆம் தேதி கோட்டை விழுந்தபோது அத்தனை பேரும் மாண்டார்கள். ஊர்க்காவலுக்கென்று திரண்டவர்கள் அவர்கள். அவர்கள் போன பிறகு அந்தச் சின்ன ஊரில் எத்தனை வீடுகளில் ஆண் துணை இல்லாமல் போயிருக்கும்.

குதிரைப்படை கப்பலைப் பிடித்ததாமே, உண்மையா?
லாரி ஓட்டுநர், தைப்பிங்

உண்மை. 1836 ஜூன் 3ஆம் தேதி, கேப்டன் பர்ட்டனின் ரேஞ்சர்கள் கொப்பானோ விரிகுடாவில், மெக்சிகோ படைக்கு உணவுப்பொருள் ஏற்றி வந்த கப்பலைக் கரையில் மறைந்திருந்து கைப்பற்றினார்கள். பிறகு அதையே பயன்படுத்தி மேலும் இரண்டு கப்பல்களைப் பிடித்தார்கள். ‘குதிரைக் கடற்படை’ என்று பெயர் வந்தது.

காவல் போட்டதனால் எல்லை பாதுகாப்பாக இருந்ததா?
இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

இல்லை, அம்மா. சைலஸ் பார்க்கரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவர் குடும்பமும் உறவினரும் நவசோட்டா ஆற்றின் தலைப்பகுதியில் மரக்கோட்டை கட்டி வாழ்ந்தார்கள். 1836 ஏப்ரல் 21ஆம் தேதி சான் ஜசிண்டோவில் பதினெட்டே நிமிடத்தில் டெக்சஸ் படை வென்றது. போர் முடிந்தது என்று ஓடிப்போனவர்கள் வீடு திரும்பி விதைப்பில் இறங்கினார்கள். நான்கு வாரம் கழித்து, மே 19ஆம் தேதி காலை, ஆண்களில் பலர் வயலில் இருக்க, கொமான்சிகளும் அவர்களோடு சேர்ந்த கூட்டத்தாரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சைலஸ் ஒருவர். எல்லைக்குக் காவல் அமைத்தவரின் வீட்டிலேயே காவல் பலிக்கவில்லை.

ஐந்து பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். சைலஸின் மகள் சிந்தியா ஆனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கொமான்சிகளிடையே வளர்ந்து, கொமான்சித் தலைவர் ஒருவரை மணந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றருகே ரேஞ்சர்கள் அவளைப் பிடித்துவந்து, மீட்டுவிட்டோம் என்றார்கள். அவளோ கைக்குழந்தையோடு மீண்டும் மீண்டும் கொமான்சிகளிடம் தப்பி ஓடப் பார்த்தாள். விடவில்லை. குழந்தை நோயில் இறந்தது. அவளும் சில ஆண்டுகளில் இறந்துபோனாள். அவளுடைய மகன் குவானா பார்க்கர், 1875இல் அமெரிக்கப் படையிடம் கடைசியாகச் சரணடைந்த கொமான்சிக் கூட்டத்தின் தலைவர். அந்தப் பெண்ணை இரண்டு முறை அவள் வீட்டிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நாற்பது ஆண்டு தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். நேரடியாகக் கேட்கிறேன்: அவர்கள் காத்தது யாருடைய மண்?
வாசகர், தெலுக் இந்தான்

நேரடியாகவே சொல்கிறேன், ஐயா. பெரும்பகுதி அவர்களுடையது இல்லை.

1836 பிப்ரவரி 23ஆம் தேதி டெக்சஸ் படைத் தளபதி சாம் ஹூஸ்டன் கிழக்கு டெக்சஸில் வாழ்ந்த செரோக்கி பூர்வகுடியினரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். போரில் ஒதுங்கி இருங்கள், உங்கள் நிலம் உங்களுக்கே என்பது சாரம். செரோக்கிகள் சொன்னபடி ஒதுங்கி இருந்தார்கள். போர் முடிந்து அடுத்த ஆண்டு டெக்சஸ் செனட் அந்த உடன்படிக்கையை நிராகரித்தது. 1839 ஜூலையில் படை அனுப்பி அவர்களை விரட்டினார்கள். எண்பது வயதைத் தாண்டிய தலைவர் துவாலி அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார். இன்னொன்று: மெக்சிகோ 1829இல் அடிமைமுறையை ஒழித்திருந்தது. 1836இல் டெக்சஸ் குடியரசு எழுதிய அரசியல் சட்டம் அதைச் சட்டபூர்வமாக்கியது. சுதந்திரம் என்று அவர்கள் முழங்கியதை இந்த இரண்டோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கங்காணி காலத்து ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளான நாம் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அதற்காக, ஹிப்பின்ஸ் பையனை மீட்க இரவில் குதிரையேறியவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அன்றிரவு அவர்கள் செய்தது சரி. ஆனால் ரேஞ்சர் என்ற அதே பெயரில் பின்னால் வந்தவர்கள் 1918 ஜனவரியில் போர்வெனிர் என்ற எல்லைக் கிராமத்தில் மெக்சிகோ வம்சாவளியினரான 15 ஆண்களையும் சிறுவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கம்பெனியை ஆளுநரே கலைத்தார். மறு ஆண்டு, அதே வம்சாவளியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஹோசே தோமாஸ் கனாலெஸ், ரேஞ்சர்கள் மீது குற்றச்சாட்டுகளை வரிசையாக அடுக்கி விசாரணை நடத்த வைத்தார். படையின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 1935இல் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்குள் அது சேர்க்கப்பட்டது. இன்றும் அங்கேயே இருக்கிறது. விசாரணைக் காலத்தில் ஒரு ரேஞ்சரே மிரட்டியும் கனாலெஸ் பின்வாங்கவில்லை. தொழிற்சங்கத்தில் நாற்பது ஆண்டு இருந்த உங்களுக்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.